களைக்கு எரியும் விளக்கு

கச்சிராயபாளையம்
வைகாசி, வெள்ளிக்கிழமை

என் பொடிசுக்கு,

அம்மா எழுதுவது. கல்யாணம் ஆனவனைப் பொடிசு என்று கூப்பிடாதே, இலக்கியா சிரிக்கிறாள் என்று சண்டை போடுவாய். இனிமேல் சண்டை போட நீ இல்லை. அதனால் அப்படித்தான் கூப்பிடுவேன்.

இதைத் தபாலில் போட முடியாது என்று எனக்குத் தெரியும். ஐந்தாவது படித்தவளுக்கு அந்த அளவுக்கு விவரம் உண்டு. ஆனால் உன்னிடம் பேச வேண்டியது இருக்கிறது. போனில் யாரோடும் பேசுவதில்லை. பங்குனியில் உன் சேதி அந்தப் போனில்தான் வந்தது. அன்றைக்கே அதை அரிசிப் பானைக்குள் போட்டேன். அங்கேயே கிடக்கிறது.

சின்னசேலம் ரோட்டில் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர். பொழுது சாய்ந்த நேரம். பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லை. நீ வண்டியோடு போய் அதில் மோதினாய். வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். "ஒரு லைட்டு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்மா." ஒரு லைட்டு.

துக்க வீட்டில் காரியம் முடியும்வரை விளக்கு அணையக் கூடாது இல்லையா. அகல் ஏற்றி வைத்தார்கள். காற்றுக்கு அது அணைந்து அணைந்து போனது. நான் எழுந்து போய் உன் மீன் தொட்டியின் மேலே இருக்கிற வெள்ளை விளக்கைப் போட்டேன். அது அணையவில்லை. காரியம் முடிந்து அகலை எடுத்துவிட்டார்கள். தொட்டி விளக்கில் கை வைக்க நான் விடவில்லை. இன்றைக்கு வரைக்கும் இரவு பகல் எரிகிறது. நீ கடையில் வாங்கி வைத்த செடி எல்லாம் எப்போதோ அழுகிப் போயிற்று. கோமுகி வாய்க்காலில் இருந்து நீ கொண்டுவந்த களை மட்டும்தான் நிற்கிறது. அதற்குள்ளே கப்பி மீன்கள் ஓடுகின்றன.

உன் பெரியப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. அவர் எனக்கு மூத்தார். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அவர் எதிரில் நின்று நான் பேசியதில்லை. கதவு மறைவில்தான். அவரும் என்னிடம் நேராகப் பேச மாட்டார். உன் பெரியம்மா பச்சையம்மாள் அக்காவிடம் சொல்வதுபோல எனக்குச் சொல்வார். காரியத்தன்றும் அப்படித்தான்.

"தே பச்சையம்மா, அவகிட்ட சொல்லு. கொள்ளிக்கொடம் ஒடைச்சாச்சி. இந்தக் கண்ணாடிக் கொடம் மட்டும் இன்னாத்துக்கு ஒடையாம நிக்குது? செத்தவன் வெச்ச தண்ணி வூட்டுல நிக்கக் கூடாது. ஆத்துல ஊத்திட்டு வரச் சொல்லு."

நான் கதவுக்குப் பின்னால் இருந்தே சொன்னேன். "ஒடைச்சது ஒண்ணு போதும்னு சொல்லுக்கா."

அன்றைக்கு மாலையே இலக்கியாவின் அப்பா வந்து அவளை நைனார்பாளையத்துக்கு அழைத்துப் போய்விட்டார். இப்போது கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் வேலை கிடைத்திருக்கிறதாம். கணவன் செத்து வருஷம் திரும்பவில்லை, மலைக்கு வேலைக்குப் போகிறாள் என்று ஊர் பேசுகிறது. பேசட்டும். அங்கே போனுக்கு டவர் கிடையாதாம். எனக்குப் போன் ஆகாது, அவளுக்கு டவர் ஆகாது. கடிதம்தான்.

சாப்பிட்டாயா என்று கேட்டு முடிக்கத்தான் கை போகிறது.

அம்மா


கச்சிராயபாளையம்
ஆனி, திங்கள்கிழமை

இலக்கியாவுக்கு அத்தை எழுதுவது.

மலைக்காற்று உனக்கு ஒத்துக்கொண்டதா? தலைக்குத் துணி கட்டிக்கொள். உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நடவுக்குப் போகிறேன், வருகிறேன்.

நீங்கள் இருவரும் வளர்த்த தொட்டியில் செடி மஞ்சளாகிவிட்டது. அடியிலை முதலில், அப்புறம் மேலே. வயலில் பயிர் மஞ்சளானால் என்ன போடுவோம்? யூரியா. வேலை செய்கிற வயலில் கேட்டு, முந்தானையில் ஒரு கைப்பிடி முடிந்து வந்தேன். எல்லாவற்றையும் போடவில்லை. இரண்டு சிட்டிகைதான் தூவினேன். காலையில் பார்த்தால் மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வால் சிவந்த இரண்டு செத்துப் போயின.

செடியைப் பார்த்தது நீதானே. அவன் வாங்கி வைப்பான், நீ பார்ப்பாய். இதற்கு என்ன செய்வது என்று எழுது. ஊரில் யாரிடமும் கேட்க மாட்டேன். கேட்டால் தொட்டியை எடுத்துப் போட ஒரு சாக்குக் கிடைக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. அடுப்படியில் நிற்கிறவள்தான் பட்டினி கிடப்பாள்.

அத்தை
பெரியநாயகி


விடுதி, கல்வராயன் மலை
2.7.2025

அன்புள்ள அத்தைக்கு,

நன்றாக இருக்கிறேன். சளி இல்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீங்கள் எழுதவில்லை என்பதால் அது இருக்கிறது என்று தெரிகிறது.

கடிதம் இங்கே வந்துசேர நாளாகிறது. அதற்குள் மீன்களுக்கு என்ன ஆயிற்றோ. உடனே பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு வேறு தண்ணீர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள். ஒரு நாள் பக்கெட்டில் வைத்திருந்து ஊற்றுங்கள். மறுநாளும் கொஞ்சம் மாற்றுங்கள்.

யூரியா வயலுக்குத்தான். வயலில் மீன் இல்லை. தொட்டியில் அது மீனுக்கு விஷம். டிவி மேஜைக்குக் கீழே, பச்சை மூடி போட்ட பாட்டில் ஒன்று இருக்கும். அதுதான் இந்தச் செடிக்கு உரம். வாரத்துக்கு ஒரு மூடி போதும். செடி மஞ்சளாக இருக்கிறதே என்று இரண்டு மூடி ஊற்றாதீர்கள். மணலுக்குள் புதைக்கிற மாத்திரை அதே இடத்தில் டப்பாவில் இருக்கும். வேருக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று.

விளக்கு எரிகிறதா அத்தை?

இங்கே பிள்ளைகளுக்குச் சாமைச் சோறு பிடிக்கும். எனக்கு ஆக்கத் தெரியவில்லை, களி மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் ஒன்றும் சொல்லாமல் தின்றார்கள். காய்கறி ஏற்றி வருகிற ஜீப் மழை என்றால் வராது. அன்றைக்குப் பருப்பு மட்டும்தான்.

உங்கள்
இலக்கியா


கச்சிராயபாளையம்
ஆனி, கடைசி வெள்ளி

இலக்கியாவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் பாதி வலி போயிற்று. மீதி முழங்காலில் இருக்கிறது.

தண்ணீர் மாற்றினேன். மிச்ச மீன் பிழைத்துக்கொண்டது. பச்சை மூடிப் பாட்டிலும் கிடைத்தது. நீ சொன்னபடிதான் ஊற்றுகிறேன்.

விளக்கு எரிகிறதா என்று கேட்டாய். எரிகிறது. அன்றைக்குப் போட்டதுதான், அணைக்கவே இல்லை. போன வாரம் கரண்டு போனது. தொட்டி மேலே மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு, கரண்டு வரும்வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு விளக்கு இல்லாமல்தான் அவன் போனான். என் வீட்டில் அது எரிந்தே தீரும்.

களை எடுக்கப் போன இடத்தில் தங்கமணிக்கு இது தெரிந்துவிட்டது. அவள் வாய் உனக்குத் தெரியுமே.

"இன்னாக்கா, ஊரான் வயல்ல களைய புடுங்கிக்கினு, வூட்டுல களைக்கு லைட்டு போட்டு வளக்கிறியாமே?"

வரப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "ஆமாண்டி. இங்க புடுங்கறது கூலிக்கு, அங்க வளக்கிறது என் இஷ்டத்துக்கு" என்றேன். சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய ஊறுகாயைக் கொண்டுவந்து என் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

செடிக்கு இன்னும் மஞ்சள் போகவில்லை. பாட்டில் உரம் பத்தவில்லை போல இருக்கிறது. இலை மேலே பச்சையாக நூல் நூலாக ஏதோ படர்ந்திருக்கிறது. நல்லதா கெட்டதா?

சாமையை முதலில் வறுத்துவிட்டு ஆக்கு. ஒட்டாது.

அத்தை


விடுதி, கல்வராயன் மலை
4.8.2025

அன்புள்ள அத்தைக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. உங்கள் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. சாமையை வறுத்து ஆக்கினேன், உதிரியாக வந்தது. பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டார்கள்.

நூல் நூலாக இருப்பது பாசி. நல்லது இல்லை. விட்டால் இலையை மூடிவிடும். செடி மஞ்சளாவதும் பாசி வருவதும் ஒரே காரணத்தால்தான். உரம் பத்தாததால் இல்லை.

வெளிச்சம் கூடினால் செடிக்குப் பசி கூடும் அத்தை. அவ்வளவு பசிக்குத் தொட்டியில் உரம் கிடையாது. அதனால் மஞ்சளாகிறது. செடி தின்ன முடியாத வெளிச்சத்தைப் பாசி தின்கிறது. நீங்கள் உரத்தைக் கூட்டினால் அதையும் பாசிதான் தின்னும். வாய்க்காலிலே இருந்தாலும் செடிக்கு ராத்திரி உண்டு இல்லையா. மீனுக்கும் இமை கிடையாது. நாம் கண்ணை மூடுகிற மாதிரி அது மூட முடியாது.

ஒரு நாளைக்கு எட்டு, பத்து மணி நேரம் எரிந்தால் போதும். காலையில் போட்டுப் பொழுது சாயும்போது அணைக்கலாம். நான் இருந்தபோது அப்படித்தான் செய்தேன்.

இதை நான் போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். நீங்கள் ஏன் எரிய விட்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதவில்லை.

கோபிக்காதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலக்கியா


கச்சிராயபாளையம்
ஆடி, வியாழன்

இலக்கியாவுக்கு,

நல்லபடி இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

அணைக்க மாட்டேன். மூத்தாரும் அணை என்கிறார், நீயும் அணை என்கிறாய். அவர் எதற்குச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். நீ மலைமேல் போய் இருட்டில் படுத்துத் தூங்குகிறாய். தூங்கு. வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அந்த வெளிச்சம் அங்கே இருக்க வேண்டும். அது இல்லாத வீட்டில் நான் எதைப் பார்த்துக்கொண்டு படுப்பது?

செடி செத்தால் சாகட்டும். விளக்கு எரியும்.

இனிமேல் செடியைப் பற்றி எழுதாதே.

பெரியநாயகி


விடுதி, கல்வராயன் மலை
31.8.2025

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? செடியைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதவில்லை.

மழை விடாமல் பெய்கிறது. துணி காயவில்லை, விறகு எரியவில்லை. காய்கறி ஜீப் பள்ளத்தில் சிக்கி, ஓட்டுகிற வெற்றிவேல் மூட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். சேற்றில் புரண்டு வந்த முட்டைக்கோஸைக் கழுவிக் கூட்டு வைத்தேன். ஒரு பிள்ளை என்னை அக்கா என்று கூப்பிடாமல் அம்மா என்று கூப்பிட்டுவிட்டு, வெட்கப்பட்டு ஓடிப்போனாள்.

நீங்கள் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. நான் எழுதுவேன். எண்ணெய் தேய்த்து முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள்.

இலக்கியா


கச்சிராயபாளையம்
புரட்டாசி, சனிக்கிழமை

கண்ணு இலக்கியா,

உன் கடிதம் வந்தது. எடுத்து எடுத்துப் படித்தேன். பதில்தான் எழுதவில்லை. அந்தப் பிள்ளை திரும்ப அம்மா என்று கூப்பிட்டாளா?

செடியைப் பற்றி எழுதாதே என்று சொன்னவளே இப்போது செடியைப் பற்றி எழுதுகிறேன்.

பாசி இலையை மூடிவிட்டது. பச்சை மயிர் முளைத்த மாதிரி. கையை விட்டு உருவினேன். களை எடுக்கிற கைதானே, ஒரு நூல் விடாமல் எடுத்தேன். மறுவாரம் அவ்வளவும் திரும்ப வந்தது. திரும்ப எடுத்தேன், திரும்ப வந்தது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வயலில் களை எடுத்துவிட்டு, அதே களைக்கு ராத்திரி பூரா எவளாவது தண்ணீர் கட்டுவாளா? நான் கட்டிக்கொண்டிருந்தேன். அவனுடைய செடிக்கு என்று போட்ட வெளிச்சம் பூராவும் பாசிக்குப் போகிறது. அவனுடைய செடி அதற்குக் கீழே மூச்சுக்குத் தவிக்கிறது.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம். தெருவில் எல்லா வீட்டிலும் லைட்டுப் போடுகிறார்கள். நான் போய் அதை அணைத்தேன். படுக்கும்போது அணைக்கலாம் என்றால் கை வராது. அதனால் ஊரே விளக்கு வைக்கும்போது அணைத்தேன்.

எப்படி இருந்தது என்று உனக்கு எழுதப் போவதில்லை.

ஒரு வாரம் போனது. மூத்தாருக்கு ஜன்னல் இருட்டாக இருப்பது தெரிந்துவிட்டது. வந்து வாசலில் நின்றார். பின்னால் பச்சையம்மாள் அக்கா.

"பாத்தியா பச்சையம்மா, ஒரு வழியா அணைச்சிட்டா. இப்பதான் புத்தி வந்துச்சி. காலையில அஜித்த வரச்சொல்லு, தொட்டிய தூக்கிக்கினு போயி ஆத்துல ஊத்திடட்டும்."

அஜித்குமார் அவருடைய டிராக்டர் ஓட்டுகிறவன்.

நான் கதவு மறைவிலிருந்து வெளியே வந்தேன், இலக்கியா. அவர் எதிரில் வாசப்படியில் நின்றேன். இத்தனை வருஷத்தில் அவருடைய முகத்தை நேராக அப்போதுதான் பார்த்தேன். வயசாகிவிட்டது அவருக்கு.

"மாமா, அணைச்சது உங்க பேச்சிக்கு இல்ல. செடிக்கு ராத்திரி வேணும். காலையில திரும்ப எரியும்."

அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "இவ இன்னாடி எங்கிட்ட பேசிக்கினு நிக்கிறா?"

"உங்ககிட்டதான் பேசறேன். அக்கா காலு நோகுது, எவ்ளோ நாளுதான் நடுவுல நிக்கும்?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பயமோ சிரிப்போ தெரியவில்லை.

"வாய்க்காலு களைக்கு ராத்திரி வேணுமாம். தாலாட்டும் பாடேன்."

"பாடுவேன். என் வூடு, என் தொட்டி."

"அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்த பாடமா இதெல்லாம்? மலைக்குப் போனவ போனவதான். இனிமே அவ நம்ம வூட்டுப் பொண்ணு இல்ல."

"அவ எந்த வூட்டுப் பொண்ணுன்னு அவ சொல்லுவா. நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல மாட்டேன். தொட்டிய தூக்கறதா இருந்தா என்னையும் சேத்துதான் தூக்கணும். அதுக்கு நாலு பேரு வேணும் மாமா. அஜித்து ஒருத்தன் பத்தாது."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அக்கா மட்டும் கொஞ்ச நேரம் நின்று, ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது போடுகிறேன். வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்ச நேரம் பார்க்கிறேன். பொழுது சாயும்போது அணைக்கிறேன். பாசி நின்றுவிட்டது. நடுவில் இளம்பச்சையில் ஒரு துளிர் வந்திருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தை


விடுதி, கல்வராயன் மலை
10.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

நாலு பேர் வேண்டும் என்று சொன்னதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். அப்புறம் வெங்காயம் உரிக்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்த வெற்றிவேல், ஊரில் ஏதாவது துக்கமா என்று கேட்டார். இல்லை, எங்கள் அத்தை பெரிய மாமனாரோடு நேருக்கு நேர் பேசிவிட்டார் என்றேன். அவருக்கு அது ஏன் பெரிய விஷயம் என்று புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். அதிகம் சிரிக்காதவர், அன்றைக்குச் சிரித்தார்.

அந்தப் பிள்ளை திரும்பவும் கூப்பிட்டாள். இந்த முறை ஓடவில்லை.

துளிர் வந்துவிட்டால் இனிச் செடி வேகமாக வளரும். தண்ணீர் மட்டத்தைத் தொட்டதும் ஒரு சாண் நீளத்துக்கு நுனியை வெட்டிவிடுங்கள். பயப்படாதீர்கள். வெட்டினால்தான் அடியில் கிளைக்கும். கத்தரிக்கோல் வேண்டாம், நகத்தால் கிள்ளினாலே போதும். கிள்ளிய நுனியில் கீழ் இலைகளை எடுத்துவிட்டு மணலில் குத்தினால் அதுவும் வேர் விடும். தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. நீங்கள் பழைய போர்வையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இலக்கியா


கச்சிராயபாளையம்
ஐப்பசி, புதன்கிழமை

இலக்கியாவுக்கு,

இந்தக் கடிதத்தை மலைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுக்கிறேன். கூடவே ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே தொட்டித் தண்ணீர், அதற்குள் செடி நுனி. பையைத் திறக்கும்போது பார்த்துத் திற.

எறிந்துவிடாதீர்கள் என்று எழுதியதற்குக் கீழே நீ ஒரு வரி எழுதி அடித்திருந்தாய். நன்றாக அழுத்தி அடித்திருந்தாய், என்னால் படிக்க முடியவில்லை. படிக்க வேண்டியதும் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நீ கேட்கிறவள் இல்லை, அதனால் நானே அனுப்புகிறேன்.

தங்கமணி கேட்டாள். "இன்னாக்கா, செத்துப்போனவன் செடிய மருமகளுக்கு அனுப்பறியா? அது நாளைக்கு வேற வூட்டுக்குப் போனா?" போனால் செடியும் கூடப் போகட்டும் என்றேன். மூத்தார் காது கேட்கிற தூரத்தில்தான் இருந்தார். கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

நீ சொன்னபடி நகத்தால்தான் கிள்ளினேன். நகத்தில் ஒரு நாள் பூரா அந்த வாசம் இருந்தது.

அத்தை


விடுதி, கல்வராயன் மலை
12.11.2025

அன்புள்ள அத்தைக்கு,

போர்வை எடுத்துக்கொண்டீர்களா? இங்கே காலையில் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை.

செடி வந்தது. பையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கண்டக்டர் மடியிலேயே வைத்திருந்தாராம்.

வெற்றிவேல் பெரிய ஊறுகாய் ஜாடி ஒன்று கொண்டுவந்தார். ஆற்று மணலைக் கழுவிப் போட்டு நட்டேன். ஒரு வாரம் துவண்டு கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்து உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். இப்போது நிமிர்ந்துவிட்டது. மணலுக்குள் வெள்ளையாக வேர் ஓடுவது கண்ணாடி வழியாகத் தெரிகிறது. இங்கே விளக்கு எதுவும் இல்லை. ஜன்னல் வெளிச்சம்தான். உச்சி வெயில் நேராகப் பட்டால் பாசி வரும் என்று சொன்னேன். வெற்றிவேல் ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகை அடித்து மறைப்பு வைத்துக் கொடுத்தார்.

இன்னொன்று எழுத நினைத்தேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உங்கள்
இலக்கியா


கச்சிராயபாளையம்
கார்த்திகை, ஞாயிறு

என் பொடிசுக்கு,

அம்மாதான். வைகாசியில் எழுதியது டிவி மேஜைக்குள் இருக்கிறது, இதையும் அங்கேதான் வைப்பேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று உன்னைக் கேட்க முடியாது. என்னுடையதைச் சொல்கிறேன். முழங்கால் வலிக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறேன். கொஞ்சம் தூங்குகிறேன்.

உன் விளக்கை இப்போது பகலில்தான் எரிய விடுகிறேன். கோபப்படாதே. இரவு பகல் எரிந்து உன் செடியைக் கொன்றுகொண்டிருந்தது. பெரியப்பா தொட்டிப் பக்கம் வருவதில்லை. பச்சையம்மாள் அக்கா மட்டும் அவருக்குத் தெரியாமல் வந்து, "மீனு குட்டி போட்டுக்கீதா?" என்று பார்த்துவிட்டுப் போகிறார். போட்டிருக்கிறது.

இலக்கியாவின் கடிதத்தில் ஒரு பேர் வருகிறது. முதலில் வெறும் ஜீப். அப்புறம் ஜீப் ஓட்டுகிறவர். இப்போது ஜாடி கொண்டுவருகிறார், பலகை அடித்துக் கொடுக்கிறார். அவள் என்னவோ எழுத நினைத்து எழுதாமல் விட்டிருக்கிறாள். நான் என்ன என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். பதிலில் கடைசியாக ஒரு வரி எழுதினேன். "ஜாடி கொடுத்த தம்பியைப் பெரியநாயகி நன்றாக இருக்கச் சொன்னாள் என்று சொல்லு." நேற்று அதைத் தபால் பெட்டியில் போட்டேன். போட்டுவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். கையை விட்டு எடுக்க முடியுமா என்று பார்க்க இல்லை. கால் வரவில்லை, அவ்வளவுதான்.

ஊர் இதற்கும் பேசும். நாலு பேர் வேண்டும் என்று சொன்னவளுக்கு நாலு வார்த்தை பெரிதா.

கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் கிளைத்திருக்கிறது. வேர் இங்கே இருக்கிறது, அதனால் உன்னுடையது என்னிடம்தான் இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இன்றைக்குத் தண்ணீர் மாற்றும்போது ஒன்று ஞாபகம் வந்தது. வாய்க்காலில் இருந்து நீ கொண்டுவந்தபோது அதற்கு வேரே இல்லை. பாதியில் ஒடிந்த வெறும் நுனி. ஈரத் துண்டில் சுற்றி எடுத்து வந்தாய். மணலில் நீ குழி பறித்தாய், அவள் குத்தினாள், நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒன்று நிற்கிறது. மலைமேல் ஒன்று நிற்கிறது. இதில் நீ நட்டது எதுடா, பொடிசு?